திருப்பிச் சொல்லும் கேப்டன்

இறம்பொடை நீர்வீழ்ச்சிக்கு மேலே பறந்துகொண்டிருந்தபோது ஒரு பயணி ஹெலிகொப்டரின் என்ஜினைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னார். கொழும்பில் பெரிய துணிக்கடை வைத்திருப்பவர். அருவியைப் பார்த்தாயிற்று, இனி அதன் சத்தத்தையும் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அவ்வளவு செலவழித்து வந்தவருக்கு அருவி ஊமைப் படமாக ஓடினால் மனக்குறையாகத்தானே இருக்கும்?

விமானி கோபப்படவில்லை. சிரிக்கவுமில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டின் வழியாக நிதானமாகச் சொன்னார்.

“ஐயா, நீங்கள் கேக்கிறது இதுதான். நாங்கள் இப்ப ஆகாயத்தில நிக்கிறம். நான் என்ஜினை நிப்பாட்ட வேணும். கொஞ்ச நேரத்துக்கு. சரியோ?”

பயணி கீழே பார்த்தார். அவருடைய மனைவி அவரைப் பார்த்தார். அருவியை அறைக்குப் போய் போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

இதை எனக்குச் சொன்னது அந்த மனைவிதான். இறங்கி வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விமானி இதையெல்லாம் கதையாகச் சொல்கிற ஆளில்லை. அவருக்கு அது வேடிக்கையாகவே படவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஒருவர் ஒன்று கேட்டார், இவர் அதைச் சரிபார்த்தார், அவ்வளவுதான்.

அப்போது நான் லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு காலத்தில் துரை குடியிருந்த பங்களா, இப்போது ஹோட்டல். வருகிறவர்களை வரவேற்பதும், அவர்கள் போகும்வரை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை. நான் பிறந்து வளர்ந்த லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், பங்களாவின் பின்வாசலிலிருந்து பார்த்தால் தெரியும். விருந்தினர் அறைகளின் ஜன்னல்கள் மட்டும் வேறு பக்கம் பார்த்திருக்கும்.

சிலர் கொழும்பிலிருந்து வாடகை ஹெலியில் வருவார்கள். அது இறங்குவது தோட்டத்து மைதானத்தில். அந்த நாட்களில் நான் மைதானத்துக்குப் போய், கிரிக்கெட் ஆடுகிறவர்களிடம் கெஞ்சி, மாடுகளை அதட்டி, புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்கச் சொல்லி, மலைகளைப் படம் பிடித்து விமானிக்கு அனுப்ப வேண்டும். முதல் தடவை அவர் தொலைபேசியில் வானிலையைக் கேட்டபோது, வெதர் நல்லா இருக்கு என்று பெருமையாகச் சொன்னேன்.

“நல்லா எண்டால் எனக்கு விளங்காது பிள்ளை. பெக்டரிக் கூரை தெரியுதோ? அதுக்கு அங்கால மலை தெரியுதோ? அந்த மலைக்கு உச்சி இருக்குதோ?”

“பெக்டரி தெரியுதுங்க சேர். மலையும் தெரியுது. உச்சி மட்டும் இல்லைங்க.”

“பெக்டரி தெரியுது. மலை தெரியுது. உச்சி இல்லை. சரியோ?”

“சரிங்க சேர்.”

“அப்ப உச்சி வந்தாப் பிறகு நான் வாறன்.”

வந்தார். ஹெலி ஓட்டுகிறவர் என்றால் உயரமாக, கறுப்புக் கண்ணாடியோடு, தோள்பட்டையில் பட்டையெல்லாம் மின்ன இறங்குவார் என்று எங்கள் லயத்தில் பாதிப் பேர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள். இறங்கியவர் குள்ளமாக, தொப்பையோடு, மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் ஒரு சாப்பாட்டுப் பார்சல். புட்டும் மீன் பொரியலும். எத்தனை நட்சத்திர ஹோட்டலுக்குப் பறந்தாலும் மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் வரும். ஊர் யாழ்ப்பாணம். அவர் பேசுவதில் பாதி எனக்கு முதலில் புரியவில்லை. நான் பேசுவதும் அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். நான் சொல்வதை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னபோது, என் தமிழ் விளங்காமல்தான் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

லிந்துலை டவுனில் தேநீர்க்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். பயணிகளுக்காகக் காத்திருக்கும் நேரங்களில் கேப்டன் அங்கே போய் உட்காருவார். பாலா பிளேனா என்று நானா கேட்பார். பிளேன்டி என்பார் இவர். இஞ்சி போடவா என்றால் ஓம். சீனி வேண்டுமா என்றால் வேண்டாம். இதோடு எந்த மனிதருக்கும் விஷயம் முடிந்துவிடும். இவர் ஆரம்பிப்பார்: “பிளேன்டி ஒண்டு. இஞ்சி இருக்குது. சீனி இல்லை. சரியோ?” நானா இவருக்குக் காது மந்தம் என்று முடிவுகட்டிவிட்டார். அடுத்த தடவையிலிருந்து அவர் கேட்பது கடைத்தெரு முழுக்கக் கேட்டது. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, காது கேட்காத மனிதரை நம்பி எப்படி மேலே அனுப்புகிறார்கள் என்று கவலையோடு விசாரித்தார்.

நான் இதைக் கேப்டனிடம் சொன்னேன். அவர் வருத்தப்படவில்லை. வானத்தில் எல்லா விமானிகளும் அப்படித்தான் என்றார். கீழே கொன்ட்ரோல் டவரில் இருப்பவர் இந்த உயரத்தில் வா, இந்தத் திசையில் திரும்பு என்று சொன்னால், கேட்டவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரி என்றால்தான் சரி.

“அவர் சொன்னது ஒண்டு, எனக்கு விளங்கினது ஒண்டு. ரெண்டுக்கும் நடுவிலதான் பிள்ளை மலை நிக்கும்.”

மற்ற விமானிகள் இந்தப் பழக்கத்தை ஹெலியிலேயே விட்டுவிட்டு இறங்குவார்கள். இவர் அதைத் தேநீர்க்கடைக்கும் கொண்டுவந்தார். வீட்டிலும் அப்படித்தானா என்று கேட்டேன். இப்போது அவருடைய மனைவியும் திருப்பிச் சொல்கிறாராம், வேறு தொனியில்.

வாடகைக்கு ஹெலி எடுக்கிறவர்களிடம் என்னென்ன ஆசைகள் இருக்கும் என்று அந்த வேலைக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. தரையில் நிற்கும்போது நியாயமாகப் பேசுகிறவர்கள்கூட, மேலே போகப்போகிறோம் என்றதும் வேறு ஆளாகிவிடுகிறார்கள். ஒரு பெண்மணி நாயோடு வந்தார். சடை தொங்குகிற வெள்ளை நாய். பின்சீட்டில் உட்கார்ந்தால் அதற்குத் தலைசுற்றுமாம், ஆகவே முன்சீட்டில், கேப்டனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அதோடு, சத்தம் ஆகாது என்பதால் அதற்கும் ஒரு ஹெட்செட் வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டு மாடு இருந்த பக்கம் பார்த்தேன்.

“நாய் முன்னுக்கு. நீங்கள் பின்னுக்கு. நாய்க்கு ஒரு ஹெட்செட். சரியோ?”

சரி என்றார் அந்த அம்மா, கண் சிமிட்டாமல். அப்படிச் சொல்கிறவர்களும் இருந்தார்கள். கேப்டன் தலையசைத்து, முன்சீட்டில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்வதைச் சொன்னார். இந்தத் தடியில் கை வைக்கக் கூடாது, இந்த மிதியில் கால் வைக்கக் கூடாது. பிறகு, “முன்னுக்கு இருக்கிறவர் விளங்கினது எண்டு எனக்கு வாயால சொல்ல வேணும். இவர் சொல்லுவாரோ?” என்று கேட்டுவிட்டு, உண்மையாகவே பதிலுக்காகக் காத்திருந்தார். நாய் அவரைப் பார்த்து வாலாட்டியது. அம்மா நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினார்.

இன்னொருவர் ஹட்டனில் இருக்கும் தம்பியின் வீட்டுக்கு மேலே போகச் சொன்னார். சொத்துத் தகராறில் வருடக் கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. அண்ணன் ஹெலியில் போவதைத் தம்பி பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கேப்டன் அதையும் வரி தவறாமல் திருப்பிச் சொன்னார்: “உங்கட தம்பியின்ர வீட்டுக்கு மேல போக வேணும். அவர் வெளியில வந்து, நீங்கள் ஹெலியில போறதைப் பாக்க வேணும். அவர் வராட்டில், வரும்வரைக்கும் சுத்த வேணும். சரியோ?” அந்த மனிதருடைய காது மடல் சிவந்துவிட்டது. ஒரு சுற்று போதும் என்றார். சட்டம் அனுமதித்த உயரத்தில் ஒரு சுற்று சுற்றினார்கள். தம்பி வெளியே வரவேயில்லை. தம்பியின் மனைவி மட்டும் வந்து, வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், கொடியில் காய்ந்த துணிகளை அவசர அவசரமாக அள்ளிக்கொண்டு உள்ளே போனாராம்.

எல்லோரும் பின்வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாய்மாமன் மேலேயிருந்து பூ தூவ வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். பங்களா முற்றத்தில் மாப்பிள்ளை அழைப்பு, அதன்மேல் செவ்வந்தி மழை. கேப்டன் திருப்பிச் சொன்னார், மாமன் சரி என்றார். ஆபத்தில்லாத காரியமாக இருந்தால் கேப்டனுக்கு அதற்குமேல் கேள்வி கிடையாது. அனுமதி எடுத்தார், பறந்தார். மாமன் கூடை கூடையாகக் கொட்டினார். காற்றுக்கு மாப்பிள்ளை யாரென்று தெரியவில்லை. பூ முழுவதும் தோட்டத்தின் அடுத்த டிவிஷனில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களின்மேல் போய் விழுந்தது. அன்று அந்தக் கொழுந்தை நிறுக்கும்போது இலையைவிடப் பூவே அதிகம் என்று கணக்கப்பிள்ளை தலையில் கை வைத்தார். பெண்கள் பொறுக்கிப் பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்டார்கள். முற்றத்தில் மாப்பிள்ளை வெறுமனே அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

கேலிக்கு இடமில்லாத இடத்திலும் அவர் அதே மாதிரிதான் இருந்தார். கொட்டகலையில் நகைக்கடை வைத்திருந்த ஒருவர் தன் தாயை ஹெலியில் ஏற்றிக் காட்ட ஆசைப்பட்டார். அந்த அம்மா ஆயுள் முழுக்கக் கொழுந்து எடுத்தவர். படியில் கால் வைத்ததுமே நடுங்கினார். மேலே போகும்போது ஐயாவுடைய சட்டையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மகன் வெட்கப்பட்டு, அம்மா சும்மா இருங்க என்று அதட்டினார். கேப்டன் திரும்பி, “பின்னால இருந்து என்ர சட்டையைப் பிடிச்சுக்கொண்டு வரப் போறீங்கள். சரியோ?” என்றார். ஆமாங்க என்றார் அந்த அம்மா. இறங்கி வந்தபோது கேப்டனுடைய சட்டையின் முதுகுப்பக்கம் ஒரு பிடி அளவுக்குக் கசங்கியிருந்தது. அன்று முழுவதும் அதை அவர் இழுத்துச் சரிசெய்யவில்லை.

கேட்டதைக் கேட்டவருக்கே ஒருமுறை காட்டிவிட்டால், ஆகாததை மனிதர்கள் தாமாகவே கைவிடுவார்கள் என்று அவர் நம்பினார். அவர் வாயிலிருந்து ‘முடியாது’, ‘ஏலாது’ என்ற சொற்களை நான் கேட்டதில்லை. அவருக்கு அவை தேவைப்படவில்லை. ஒரே ஒரு நாள் தவிர.

சீசன் முடிந்து மழை பிடித்திருந்த காலம். கொழும்பில் இரும்புக்கடை வைத்திருக்கும் முதலாளி ஒருவர் மனைவியோடும் பள்ளிக்கூடம் போகிற மகளோடும் வந்து தங்கியிருந்தார். மறுநாள் அவர்களைத் திரும்பக் கொண்டுபோக வேண்டியிருந்ததால் கேப்டனும் பங்களாவிலேயே இருந்தார். காலைச் சாப்பாட்டு நேரம் முதலாளிக்குத் தொலைபேசி வந்தது. கொழும்பு ஆஸ்பத்திரியில் அவருடைய தாய். இருதயம். உடனே வரச் சொன்னார்கள். அந்த நேரத்தில் பங்களா விறாந்தையில் நின்று பார்த்தால் முற்றத்து ரோஜாச்செடி தெரியவில்லை. பனிமூட்டம் கதவுக்குள்ளே வந்துகொண்டிருந்தது.

முதலாளி கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, உடனே ஹெலியை எடுக்கச் சொன்னார். கேப்டன் அவரை விறாந்தையின் ஓரத்துக்குக் கூட்டிப்போனார். நான் தண்ணீர்க் கிளாசோடு பின்னால் நின்றேன்.

“ஐயா, நீங்கள் கேக்கிறது இதுதான். எனக்கு முன்னால ஒண்டும் தெரியேல்லை. தெரியாமலே நான் ஹெலியை எழுப்ப வேணும். நாலு பக்கமும் மலை. உள்ளுக்க நீங்கள், உங்கட மனிசி, உங்கட மகள். சரியோ?”

இந்த இடத்தில் எல்லோரும் கண்ணைத் தாழ்த்துவார்கள். அவர் தாழ்த்தவில்லை.

“சரி. அதத்தான் சொல்றேன். எங்கம்மா சாகக் கெடக்கிறா. சரி, எடுங்க.”

கேப்டன் அவரைப் பார்த்தபடியே நின்றார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏலாது,” என்றார்.

அந்தச் சொல்லைச் சொல்ல அவர் பட்ட பாட்டை முகத்தில் பார்த்தேன். பிறகு முதலாளி பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. பயந்தாங்கொள்ளி என்பதுதான் அதில் கௌரவமான வார்த்தை. வேலையை விட்டே தூக்கிக் காட்டுகிறேன் என்றார். தாயில்லாமல் பிறந்தவனா என்றும் கேட்டார். மனேஜர் ஓடி வந்து, கொஞ்சம் முயற்சி செய்து பார்க்கலாமே என்று கேப்டனிடம் சிங்களத்தில் குழைந்தார். கேப்டன் எல்லாவற்றையும் முழுதாகக் கேட்டார். அவற்றை மட்டும் திருப்பிச் சொல்லவில்லை.

முதலாளி மூச்சு வாங்க நிறுத்தியபோது, எந்த ரோடு திறந்திருக்கிறது என்று என்னிடம் கேட்டார். ஹட்டன் பக்கம் மண்சரிந்து கிடக்கிறது, பூண்டுலோயா வழியாக பஸ் ஓடுகிறது என்றேன். தொலைபேசியை எடுத்துக்கொண்டு விறாந்தையின் அந்தக் கோடிக்குப் போனார். திரும்பி வரும்போது எல்லாம் யோசித்து முடித்திருந்தார். கம்பளைப் பக்கம் வெயில் அடிக்கிறது. கொழும்பில் கம்பெனியின் இன்னொரு ஹெலி நிற்கிறது. நாம் வேனில் கம்பளைக்கு இறங்குவோம், அது அங்கே வந்து ஏற்றிக்கொள்ளும். மேகம் எந்த இடத்தில் முடிகிறது என்று பார்த்து அந்த விமானிக்குச் சொல்ல வேண்டும் என்பதால் தானும் வருகிறேன் என்றார். மைதானத்தைத் திறந்துவிட அங்கேயுள்ளவர்களிடம் சிங்களத்தில் பேச வேண்டியிருக்கும் என்று என்னையும் ஏறச் சொன்னார்.

எங்கள் மலை ரோடுகளின் வளைவுகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. தலவாக்கலையைத் தாண்டி இரண்டு வளைவுதான். கேப்டனுடைய முகம் பச்சைக் கொழுந்து நிறத்துக்கு வந்துவிட்டது. டிரைவர் பயந்துபோய் ஓரம் கட்டினார்.

“நிப்பாட்டாதேங்கோ,” என்றார் கேப்டன். “பை ஒண்டு தாங்கோ.”

ஒரு கையில் பொலித்தீன் பை, மறு கையில் போன். வளைவுகளில் பைக்குள் குனிவார். நேர் ரோடு வந்ததும் நிமிர்ந்து, ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்து, இத்தனை உயரம்வரை மூட்டம், ஆற்றுப் பக்கம் திறக்குது என்று கொழும்புக்குச் சொல்வார். உடனே அடுத்த வளைவு வந்துவிடும். பூண்டுலோயா வருவதற்குள் என் கையிலிருந்த பைகள் முடிந்துவிட்டன. முதலாளியின் மனைவி தன் கைப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். பின்சீட்டில் அழுதுகொண்டிருந்த மகள் தான் வாங்கியிருந்த புதுச்சட்டையின் கடைப்பையைக் காலி செய்து கொடுத்தாள்.

முதலாளி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஹெலி ஓட்டுற ஆளுக்கு வேன்ல வாந்தியா?” என்று கேட்டார். குரலில் பழைய கோபம் பாதிதான் இருந்தது.

“ஹெலி இப்பிடி வளைஞ்சு வளைஞ்சு போகாது ஐயா.”

மகள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள். கேப்டன் அடுத்த தடவை குனிந்தபோது அவருடைய நெற்றியைப் பிடித்துக்கொண்டது முதலாளியுடைய கை. தவலந்தென்னையில் மேகம் முடிந்தது. கத்தியால் வெட்டிவிட்ட மாதிரி, ஒரு வளைவில் மூட்டம், அடுத்ததில் வெயில். “வந்திட்டுது,” என்று போனில் சொல்லிவிட்டு, மிச்சத் தூரமும் பையோடு வந்தார்.

கம்பளை மைதானத்துக்கு நாங்கள் போய்ச்சேர்ந்து கொஞ்ச நேரத்தில் ஹெலி வந்துவிட்டது. ஏறுவதற்கு முன்னால் முதலாளி திரும்பி வந்து, கேப்டனுக்கு நேரே நின்று ஏதோ சொன்னார். என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கேப்டன் தன் காதைத் தொட்டு, கேட்கவில்லை என்று கை காட்டினார். முதலாளி இரண்டாம் தடவை சொல்லாமல் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்.

அவர் என்ன சொன்னார் என்று கேப்டன் என்னிடம் கேட்டார். எனக்கும் கேக்கலைங்க என்றேன். அவருக்கு அது பெரிய குறையாகப் போய்விட்டது. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து சோடா குடிக்கும்போதும், என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டேயிருந்தார். அடுத்த கவலை, மேலே போவது எப்படி என்பது. அவருடைய ஹெலி எங்கள் மைதானத்தில் அல்லவா நிற்கிறது? வேனைத் திரும்பிப் பார்க்கவே அவருக்குத் தைரியமில்லை. ரயில் இருக்கிறது என்றேன். என்னை வேனில் போகச் சொல்லிவிட்டு அவர் ரயிலேறினார். தலவாக்கலை ஸ்டேஷனில் நான் வெகுநேரம் காத்துக்கிடந்தேன். ரயில் வந்தபோது கதவோரம் நின்றுகொண்டு, கையில் ஒரு பொட்டலம் வடையோடு, உலகத்தில் எந்தக் கவலையும் இல்லாதவர்போல் இறங்கினார்.

சில நாள் கழித்து முதலாளி எனக்குத் தொலைபேசியில் பேசினார். தாயாருக்கு ஒப்பரேஷன் முடிந்து, வார்டுக்கு வந்துவிட்டாராம். ஆஸ்பத்திரிக் கஞ்சி வேண்டாம், சோறு கொண்டுவா என்று சண்டை பிடிக்கிறாராம். கேப்டனிடம் சொல்லிவிடச் சொன்னார். நீங்களே பேசுங்களேன் என்றேன். எந்த முகத்தோட பேசுறது என்று வைத்துவிட்டார்.

நான் சொன்னேன். கேப்டன் தொலைபேசியிலேயே திருப்பிச் சொன்னார்.

“அம்மா சுகம். சோறு கேக்கிறா. சரியோ?”

“சரிங்க சேர்.”

“சோறு கேக்கிறா,” என்று மறுபடியும் சொன்னார். அது எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகும் ஒன்றிரண்டு வருடம் எங்கள் மைதானத்துக்கு வந்து போனார். பிறகு மாலைதீவில் வேலை கிடைத்தது. அங்கே மலையே கிடையாதாம். ரோடும் இவ்வளவு கிடையாதாம். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு நிம்மதி. போவதற்கு முன் ஒருநாள், புது விமானியைப் பழக்கிவிட என்று வந்தவர், என்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றார். இத்தனை வருடமும் எல்லோரும் அவரிடம் கேட்டார்கள். அவர் யாரிடமும் எதுவும் கேட்டு நான் பார்த்ததில்லை.

அவர் கேட்டது இதுதான். மைதானத்துக்கு மேலே தேயிலை மலை இருக்கிறது. அங்கே கொழுந்து எடுக்கிற பெண்கள் ஹெலி இறங்கும்போதெல்லாம் கையைத் தூக்கி என்னவோ கூப்பிடுவார்கள். இவரும் ஒவ்வொரு தடவையும் கண்ணாடி வழியாகக் கை காட்டுவார். பயணிகளிடமும் பெருமையாகச் சொல்வார், இந்தச் சனம் எவ்வளவு பாசமாக வரவேற்குது பாருங்கோ என்று. அதைத் திருத்த எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. இன்றைக்கு ஒருமுறை அவர்களோடு தரையில் நின்று ஹெலி இறங்குவதைப் பார்க்க வேண்டும், அவர்களோடு சேர்ந்து கை காட்ட வேண்டும் என்றார்.

கூட்டிக்கொண்டு போனேன். அது கொழுந்து நிறுக்கும் நேரம். பெண்கள் சாக்குகளை அவிழ்த்து வைத்திருந்தார்கள். கேப்டன் அவர்கள் நடுவில், சாப்பாட்டுப் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். புது விமானி ஒரு இளம் பெண். கேப்டனை இறக்கிவிட்டுத் தனியாக எழும்பியவள், பள்ளத்தாக்கைச் சுற்றி அழகாகத்தான் வந்தாள். முதலில் சத்தம் வந்தது. பிறகு காற்று. சாக்குகளின் வாயிலிருந்து கொழுந்து கொத்துக் கொத்தாக எழும்பியது. முக்காட்டுத் துணிகள் பறந்தன. ஒரு தகரம் உருண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் போனது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கேப்டனுடைய மூக்குக் கண்ணாடி முதுகுப் பக்கம் போய்விட்டது. பெண்கள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். அவருக்குப் பக்கத்தில் நின்ற அக்கா முன்னால் போய்த் தொண்டை கிழியக் கத்தினார்.

“நாசமாப் போறவனே, அரை நாள் கொழுந்து பறக்குது. எறங்க வேற எடம் கெடைக்கலியா ஒனக்கு?”

கேப்டன் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“இவ எப்பவும் இதையோ சொல்லுறவ?”

“ஆமாங்க சேர்.”

“நான் கை காட்டினனான்.”

“தெரியுங்க சேர். அதுக்கு இன்னும் கூட ஏசுவாங்க.”

காலடியில் கிடந்த கொழுந்தைக் குனிந்து ஒரு கை அள்ளி, அந்த அக்காவின் சாக்கில் போட்டார். ஹெலி பாதியில் தயங்கி, காற்றுக்கு எதிர்ப்பக்கமாக வருவதற்கு மறுபடி மேலே எழும்பி, இன்னொரு சுற்றுக்குத் திரும்பியது. மிச்சமிருந்த கொழுந்தும் கிளம்பியது. பெண்கள் மறுபடி கையைத் தூக்கினார்கள். கேப்டன் பார்சலை என் கையில் திணித்துவிட்டு, இரண்டு அடி முன்னால் போய், அக்காவுக்குப் பக்கத்தில் நின்று, தானும் கையைத் தூக்கினார்.

“இறங்க வேற இடம் கிடைக்கேல்லையோ உனக்கு?” என்று யாழ்ப்பாணத் தமிழில், தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

மேலே, கண்ணாடிக்குள்ளிருந்து, அந்தப் பெண் சந்தோஷமாக அவருக்குக் கை காட்டினாள்.